சட்டையில் வியர்வைக் கறை: எந்தக் கறைக்கு என்ன வைத்தியம்

எங்கள் வீட்டில் வாரத்துக்குப் பத்துப் பதினைந்து முழுக்கைச் சட்டைகள் துவைக்க விழும். வேலைக்குப் போகிற மூன்று பேருக்கும் வியர்வை அதிகம். வருஷக்கணக்காக இந்தச் சட்டைகளின் அக்குளோடும் காலரோடும் மல்லுக்கு நின்றதில் ஒன்று தெளிவாகப் புரிந்தது. கறை எந்த வகை என்று பார்க்காமல் கையில் கிடைத்ததை ஊற்றியதால்தான் நாங்கள் அதிகச் சட்டைகளை இழந்திருக்கிறோம். அதனால் இதை அறிகுறிவாரியாக எழுதுகிறேன். உங்கள் சட்டையில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எதையும் ஊற்றும் முன்

சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அக்குள் பகுதியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். முதலில் விரலால் தடவிப் பாருங்கள். துணி மெத்தென்று இருக்கிறதா, அட்டை மாதிரி விறைத்திருக்கிறதா? அப்புறம் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தாலோ நகத்தில் மெழுகு மாதிரி ஒட்டினாலோ, அங்கே வியர்வையோடு டியோடரண்ட் படிவும் இருக்கிறது. கடைசியாக மோந்து பாருங்கள்.

அடுத்து, உள்தையலில் இருக்கும் லேபிள். அதில் உள்ள முக்கோணம் பிளீச்சைக் குறிக்கும். வெறும் முக்கோணம் என்றால் எந்த பிளீச்சும் போடலாம். உள்ளே இரண்டு சாய்கோடுகள் இருந்தால் ஆக்ஸிஜன் பிளீச் மட்டும். குறுக்கே அடித்திருந்தால் எதுவும் கூடாது. தொட்டிப் படத்துக்குள் இருக்கும் எண், தண்ணீர் எத்தனை டிகிரி வரை சூடாக இருக்கலாம் என்பதைச் சொல்லும்.

நிறச் சட்டை என்றால் எந்தக் கரைசலையும் முதலில் சட்டையின் அடிமடிப்பில், உள்பக்கமாக, ஒரு சொட்டு வைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள். வெள்ளைத் துணியால் ஒற்றி எடுக்கும்போது சாயம் இறங்கினால் அந்தக் கரைசல் அந்தச் சட்டைக்கு வேண்டாம்.

இன்னும் ஒன்று. கறை முழுசாகப் போகும்வரை இஸ்திரிப் பெட்டியும் டிரையரும் கிட்டவே வரக்கூடாது. ஈரத்தில் கறை மறைந்த மாதிரி தெரியும், காய்ந்ததும் திரும்ப எழும். நிழலில் காயவைத்துப் பார்த்துவிட்டுத்தான் இஸ்திரி. சூடு பட்ட கறையை எடுக்க மூன்று மடங்கு பாடுபட வேண்டியிருக்கும்.

அறிகுறி 1: இன்றைக்குப் போட்ட சட்டை, அக்குள் இன்னும் ஈரம்

இதுதான் எளிது. சட்டையைக் கழற்றியதும் அக்குளை உள்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரில் ஒரு நிமிடம் காட்டுங்கள். தண்ணீர் துணியின் வழியாக ஓட வேண்டும். இரண்டு சொட்டு திரவ டிடர்ஜென்ட்டைத் தேய்த்து, வழக்கம்போலத் துவைத்துவிடலாம். அன்றே துவைக்க முடியாவிட்டாலும் இந்த ஒரு நிமிட அலசலை விட்டுவிடாதீர்கள். அலசிய சட்டையைக் கொடியில் விரித்துப் போடுங்கள். ஈரத்தோடு அழுக்குக் கூடையில் அமுக்கினால் மறுநாளே முடை நாற்றம் பிடித்துக்கொள்ளும்.

அறிகுறி 2: வெள்ளைச் சட்டை அக்குளில் மஞ்சள்

அதிகமாக வருவது இதுதான். கிளை பிரித்துப் பார்க்க வேண்டியதும் இதில்தான்.

*2அ. மஞ்சளாக இருக்கிறது, ஆனால் துணி மெத்தென்று இருக்கிறது*

வியர்வையின் புரதமும் உடம்பின் எண்ணெய்ப்பசையும் துணியில் தங்கியிருக்கின்றன. முதலில் என்சைம் (புரதக் கறையைச் சிதைக்கிற பொருள்) உள்ள டிடர்ஜென்ட்டை முயலுங்கள். பாக்கெட்டின் பின்பக்கம் 'என்சைம்' என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில், அதாவது கையை விட்டால் இதமாக இருக்கிற 40 டிகிரி வாக்கில், அக்குள் முழுக்க முங்கும்படி ஒரு மணி நேரம் ஊறட்டும். பழைய கறை என்றால் இரவு முழுக்க வைக்கலாம். கொதிக்கிற தண்ணீரை ஊற்றாதீர்கள், என்சைம் செத்துவிடும்.

அதில் பாதிதான் போனது என்றால் ஆக்ஸிஜன் பிளீச் தூள். இதன் வேதிப்பெயர் சோடியம் பெர்கார்பனேட். நான் 4 லிட்டர் சுடுதண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி போடுவேன். தண்ணீர் 50 டிகிரி அளவில் இருந்தால் நன்றாக வேலை செய்யும். கையை விட்டால் சில நொடிக்கு மேல் வைத்திருக்க முடியாத சூடு அது. லேபிளில் அந்தச் சூட்டுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். தூள் முழுவதும் கரைந்த பிறகுதான் சட்டையை விட வேண்டும். 4 முதல் 6 மணி நேரம் போதும், அதற்குமேல் கரைசலில் சத்து இருக்காது. மிச்சத்தைப் பாட்டிலில் ஊற்றி மூடி வைக்கவே கூடாது. உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம். பட்டு, கம்பளித் துணிகளுக்கு என்சைம், ஆக்ஸிஜன் பிளீச் இரண்டுமே ஆகாது.

*2ஆ. மஞ்சள், கூடவே விறைப்பு*

இதில்தான் பெரும்பாலானோர் தோற்கிறார்கள். வியர்வையைக் குறைக்கிற ஆன்டிபர்ஸ்பிரன்ட்டில் அலுமினியம் உப்பு இருக்கும். அது வியர்வையோடும் எண்ணெயோடும் சேர்ந்து துணியில் ஒரு பொருக்கு மாதிரி கட்டிக்கொள்ளும். மேலே என்ன சோப்புப் போட்டாலும் அந்தப் பொருக்கைத் தாண்டி உள்ளே இறங்காது. அதனால் முதலில் பொருக்கை உடைத்தாக வேண்டும். வரிசை முக்கியம்:

1. வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு. அக்குளை மட்டும் அரை மணி நேரம் ஊறவைக்கவும்.
2. பழைய டூத் பிரஷ்ஷால் உள்பக்கத்திலிருந்து மெதுவாகத் தேய்க்கவும். நூல் போகிற திசையிலேயே தேய்க்கவும். வட்டமாகத் தேய்த்தால் துணி பஞ்சு கிளம்பிவிடும்.
3. வினிகர் வாடை போகும்வரை அலசவும்.
4. ஹைட்ரஜன் பெராக்சைடு (மருந்துக்கடையில் கிடைக்கிற 3 சதவீதம்) இரண்டு பங்கு, பேக்கிங் சோடா ஒரு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு பங்கு. குழைத்துக் கறைமேல் அப்பி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விடவும். காய்ந்துபோக விடாதீர்கள்.
5. அலசி, வழக்கம்போலத் துவைத்து, நிழலில் காயவைத்துப் பார்க்கவும்.

ஒரு தடவையில் விறைப்பு முழுசாகப் போகாது. முதல் சுற்று முடிந்ததும் விரலால் தடவிப் பாருங்கள். முன்பு காகிதம் மாதிரி மடங்கிய இடம் இப்போது துணி மாதிரி மடங்கினால் சரியான வழியில்தான் போகிறீர்கள். நிறம் அப்படியே இருந்தாலும் கவலை வேண்டாம், அது அடுத்த சுற்றில் இறங்கும். மூன்று சுற்று வரை முயலலாம்.

வினிகரையும் பெராக்சைடையும் ஒரே கிண்ணத்தில் கலக்காதீர்கள், தோலையும் கண்ணையும் எரிக்கிற அமிலம் உண்டாகும். வினிகரைக் குளோரின் பிளீச்சோடு (கடையில் திரவமாகக் கிடைக்கிற சாதாரண பிளீச்) சேர்ப்பது இன்னும் மோசம், அதிலிருந்து கிளம்புவது நச்சு வாயு.

*2இ. பிளீச் போட்ட பிறகு மஞ்சள் கூடிவிட்டது*

அண்ணனின் வெள்ளைச் சட்டை ஒன்று. லேசான மஞ்சள்தான், வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். சீக்கிரம் முடியட்டும் என்று குளோரின் பிளீச்சில் ஊறவைத்தேன். எடுத்தபோது அக்குள் இரண்டிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஆழ்ந்த மஞ்சள், ஓரத்தில் பழுப்பு வளையம். அடுத்த இரண்டு துவைப்பில் தையல் ஓரம் விரல் பட்டாலே பிரிய ஆரம்பித்தது. அவர் முதல் வேலைக்குப் போட்டுப்போன சட்டை அது. இன்னும் மனசு ஆறவில்லை.

வியர்வைக் கறையில் குளோரின் பிளீச் பட்டால் மஞ்சள் கூடும். 'சுருங்காது' என்று விற்கிற சட்டைகள் சிலவற்றில் மேலே ஒரு பூச்சு இருக்கும், அது குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு தானும் மஞ்சளாகும். ஸ்பாண்டெக்ஸ் (இழுத்தால் நீளுகிற நூல்) கலந்த துணியும் அப்படித்தான். இந்த நிலையில் செய்யக்கூடியது: நிறைய தண்ணீரில் பல முறை அலசி, ஒரு நாள் விட்டு, 2அ-வில் சொன்ன ஆக்ஸிஜன் பிளீச்சை ஒரே ஒரு முறை முயல்வது. மாறவில்லை என்றால் வீட்டில் மேற்கொண்டு எதுவும் வேண்டாம். சலவை நிபுணரிடம் வேறு வகை வெளுப்பான்கள் உண்டு. என்ன பிளீச், எவ்வளவு நேரம் போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதைப் பொறுத்துத்தான் அவர் அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுப்பார்.

சொட்டு நீலம் பற்றிக் கேட்பார்கள். நீலம் மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்கும், எடுக்காது. கறையை எடுத்து முடித்த வெள்ளைச் சட்டைக்கு அது அழகு. கறை இருக்கும்போதே போட்டால் எவ்வளவு மிச்சம் என்று நமக்கே தெரியாமல் போகும்.

அறிகுறி 3: கறுப்பு, கருநீலச் சட்டையில் வெள்ளைத் தடம்

இரண்டு வகை. முதுகிலும் அக்குளைச் சுற்றியும் அலை அடித்த மாதிரி வெள்ளைக் கோடு இருந்தால் அது வெறும் உப்பு. குளிர்ந்த தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு அலசினாலே போய்விடும். அதற்கு மருந்து எதுவும் வேண்டாம்.

அக்குளுக்குள் மட்டும் சாம்பல் நிறத்தில் மெழுகுப் படிவு இருந்தால் டியோடரண்ட். 2ஆ-வின் முதல் மூன்று படிகளைச் செய்துவிட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தால் தேய்த்து அலசுங்கள். பெராக்சைடு பக்கம் போக வேண்டாம், கருஞ்சாயத்தை அது வெளுத்துவிடும்.

அறிகுறி 4: காலரிலும் கைப்பட்டையிலும் கோடு

*4அ. கருமையாக, பிசுபிசுப்பாக*

கழுத்தின் எண்ணெய்ப்பசை, உதிர்ந்த தோல், தலைக்குத் தடவிய எண்ணெய் எல்லாம் சேர்ந்தது. இதற்கு வினிகர் பயன்படாது, எண்ணெயைப் பிடிக்கிற சோப்பு வேண்டும். காலருக்குள் செருகியிருக்கும் பிளாஸ்டிக் தகடுகளை உருவிவிட்டு, உலர்ந்த காலரிலேயே பாத்திரம் கழுவும் திரவத்தையோ ஷாம்புவையோ கோட்டின்மேல் தடவி இருபது நிமிடம் விடுங்கள். முதலிலேயே தண்ணீரில் நனைத்துவிட்டால் சோப்பு நீர்த்துப்போய் எண்ணெயில் இறங்காது. பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்து, துணி தாங்குகிற அளவு சூடான தண்ணீரில் துவையுங்கள். காலர் மடிப்பு சீக்கிரம் நைந்துபோகிற இடம், அழுத்தித் தேய்க்காதீர்கள்.

மடிப்பு ஏற்கெனவே நைந்து நூல் தெரிந்தால் தையற்காரரிடம் கேளுங்கள். பல சட்டைகளில் காலரைப் பிரித்துத் திருப்பித் தைக்க முடியும். உள்ளே இருந்த நல்ல பக்கம் வெளியே வந்துவிடும்.

*4ஆ. ஆரஞ்சு, துரு நிறத்தில்*

இதைப் பலர் வியர்வை என்று நினைத்துக்கொண்டு போராடுவார்கள். சன்ஸ்கிரீன் போடுகிறவரின் சட்டையா என்று முதலில் கேளுங்கள். சன்ஸ்கிரீன்கள் பலவற்றில் இருக்கும் அவோபென்சோன் என்ற பொருள், துவைக்கிற தண்ணீரில் உள்ள இரும்போடு சேர்ந்தால் துரு மாதிரி கறை விழும். துவைக்கப் போடும்போது இல்லாத கறை துவைத்து எடுத்ததும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். குளோரின் பிளீச் இதை அழுத்தமாக்கும். முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தால் எண்ணெயை எடுங்கள். அப்புறம் எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலக் கரைசலோ தடவி அரை மணி நேரம் விட்டு அலசுங்கள். அதற்கும் போகாவிட்டால் துணிக்கென்றே விற்கிற துரு நீக்கி. அது கடுமையானது, கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

அறிகுறி 5: கறை தெரியவில்லை, ஆனால் போட்ட பத்து நிமிடத்தில் நாற்றம்

துவைத்த சட்டை மடிப்பில் மணமாகத்தான் இருக்கும். உடம்புச் சூடு பட்டதும் பழைய வியர்வை வாடை கிளம்பும். பாலியஸ்டர் கலந்த சட்டைகளில் இது சகஜம், அந்த நூல் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும். சோதிக்க எளிய வழி உண்டு. துவைத்து உலர்ந்த சட்டையின் அக்குளை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து ஒரு நிமிடம் சூடேற்றி மோந்து பாருங்கள். வாடை வந்தால் அழுக்கு உள்ளேயேதான் இருக்கிறது.

செலவில்லாத வழியிலிருந்து தொடங்குங்கள். மெஷினில் துணியைத் திணிக்கிறீர்களா? சட்டைகள் புரள இடம் விடுங்கள். டிடர்ஜென்ட் அதிகமாகப் போடுகிறீர்களா? அலசலில் போகாத சோப்பு அழுக்கைப் பிடித்து வைக்கும், குறையுங்கள். பேப்ரிக் சாஃப்ட்னர் போடுகிறீர்களா? ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள், நூலின்மேல் அது விடுகிற படலம் தண்ணீரையும் சோப்பையும் உள்ளே விடாது. இவ்வளவும் செய்து போகவில்லை என்றால் இரவு முழுக்க என்சைம் ஊறல், மறுநாள் அலசிவிட்டு ஆக்ஸிஜன் பிளீச் ஊறல். எல்லாச் சட்டையிலும் ஒரே மாதிரி வாடை வந்தால் மெஷினையே சந்தேகியுங்கள். ரப்பர் வளைய மடிப்பைத் துடைத்துவிட்டு, துணி இல்லாமல் சுடுதண்ணீரில் ஒரு சுற்று ஓட்டுங்கள்.

அறிகுறி 6: நிறச் சட்டையில் அக்குள் மட்டும் வெளிறியோ நிறம் மாறியோ இருக்கிறது

அந்த இடத்தை நனையுங்கள். விறைப்பும் இல்லை, வாடையும் இல்லை, நனைத்த பிறகும் சுற்றியுள்ள நிறத்தோடு சேரவில்லை என்றால் சாயமே போயிருக்க வாய்ப்பு அதிகம். நீலம் ஊதாவாகிய மாதிரியான மாற்றம் என்றால், நீர்த்த வினிகரைத் தொட்டு வைத்துப் பாருங்கள். சில சாயங்கள் திரும்பி வரும், பல வராது. போன சாயத்தை எந்தச் சோப்பும் கொண்டுவராது. முழுச் சட்டைக்கும் அடர்ந்த நிறத்தில் சாயம் ஏற்றுவது ஒன்றுதான் வழி, அதுவும் பருத்திக்குத்தான் சரிப்படும். விலை உயர்ந்த சட்டையாக இல்லாவிட்டால் கோட்டுக்கு உள்ளே போட வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி 7: சுத்தமாக மடித்து வைத்தது, எடுத்தபோது மஞ்சள்

வைக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் இருந்த எண்ணெய்ப்பசை காற்றுப் பட்டு மஞ்சளாகிவிட்டது. 2அ-வைப் பின்பற்றுங்கள், பொறுமையாக இரண்டு மூன்று ஊறல் கொடுங்கள். ஒரு தடவைதான் போட்டோம் என்று துவைக்காமல் மடித்து வைப்பதும், போட்ட சட்டையை இஸ்திரி மட்டும் போட்டு மாட்டுவதும்தான் இதற்கு வழக்கமான காரணம்.

எப்போது நிறுத்திவிட்டு நிபுணரிடம் கொடுக்க வேண்டும்

பட்டு என்றால் ஆரம்பத்திலேயே. பட்டு நூலையே வியர்வை பலவீனமாக்கும், வீட்டில் தேய்த்தால் கிழிந்துவிடும். லேபிளில் தொட்டிப் படத்தைக் குறுக்கே அடித்திருந்தாலும் ஆரம்பத்திலேயே. மற்றவற்றில் மூன்று சுற்றுக்குப் பிறகும் நிறம் அசையாவிட்டால், அல்லது வெளிச்சத்தில் பிடிக்கும்போது அக்குள் துணி சல்லடை மாதிரி மெலிந்து தெரிந்தால் நிறுத்துங்கள்.

கொடுக்கும்போது 'டிரை கிளீனிங்' என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அதில் பயன்படுத்துகிற கரைப்பான் எண்ணெயை நன்றாக எடுக்கும், ஆனால் வியர்வையின் உப்பும் புரதமும் போகத் தண்ணீர் வேண்டும். தண்ணீரில் செய்கிற 'வெட் கிளீனிங்' முடியுமா என்று கேளுங்கள். லேபிளில் வட்டத்துக்குள் 'டபிள்யூ' எழுத்து இருந்தால் அந்தச் சட்டை அதைத் தாங்கும். கறை இருக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டி, 'இது வியர்வை, இன்னின்ன போட்டுப் பார்த்தேன், கறை போகாவிட்டால் இஸ்திரி போடாமல் கொடுங்கள்' என்று சொல்லுங்கள்.

திரும்ப வராமல் இருக்க

எங்கள் வீட்டில் அதிகப் பலன் தந்தது பனியனை மாற்றியதுதான். கையில்லாத பனியன் அக்குளைக் காக்காது, அது முதுகுக்கும் மார்புக்கும்தான். அக்குளை மூடுகிற அரைக்கைப் பனியன் போட ஆரம்பித்த பிறகு சட்டையில் கறை விழுவது பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது.

அடுத்து ஆன்டிபர்ஸ்பிரன்ட் போடுகிற நேரம். இரவில், தோல் நன்றாக உலர்ந்திருக்கும்போது போட்டால் நன்றாகப் பிடிக்கும். காலையில் குளித்தாலும் பலன் இருக்கும், சட்டையில் ஒட்டுவதும் குறையும். காலையில்தான் போடுவேன் என்றால் மெல்லிசாகப் போட்டு, முழுசாகக் காய்ந்த பிறகு சட்டையை மாட்டுங்கள். வியர்வை அவ்வளவாக இல்லை, வாடைதான் கவலை என்றால் அலுமினியம் இல்லாத டியோடரண்ட் போதும், பொருக்குப் பிரச்சினையே வராது.

சட்டை அக்குளில் இறுக்கமாக இருந்தால் கறை சீக்கிரம் பிடிக்கும். வாங்கும்போது கையை முன்னே நீட்டிப் பாருங்கள், துணி அக்குளில் வெட்டக் கூடாது. ஒரே சட்டையை அடுத்தடுத்த நாள் போடாதீர்கள். சட்டைகளை எப்போதும் உள்பக்கம் வெளியே திருப்பித் துவையுங்கள்.

வியர்வையே வழக்கத்துக்கு மாறாக இருந்தால்

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சட்டை நனைகிறது, ஒரு நாளில் இரண்டு மூன்று சட்டை மாற்ற வேண்டியிருக்கிறது என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். கூடுதல் செறிவுள்ள அலுமினியம் குளோரைடு முதல் ஊசி மருந்து வரை இதற்குச் சிகிச்சை உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை. திடீரென்று தொடங்கிய வியர்வை, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் வியர்ப்பது, இரவில் படுக்கை நனைவது, கூடவே காய்ச்சலோ எடை இறக்கமோ இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். மார்வலியோடு குப்பென்று வியர்த்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.